மடிந்த மடிக்கணினியும் மீளும் கோப்புகளும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்பெல்லாம் வீட்டுப் பத்திரங்களும், திருமணப் படங்களும், தாத்தா எழுதிய கடிதங்களும் டிரங்குப் பெட்டியில் இருந்தன. இன்று அவற்றுள் பெரும்பாலானவை மடிக்கணினிக்குள் குடியேறிவிட்டன. அண்ணனின் கல்லூரிக் கட்டுரை, அம்மாவின் வரவு செலவுக் கணக்கு, ஆசிரியைகள் தயாரித்த வினாத்தாள், தங்கையின் முதல் பிறந்தநாள் படங்கள் ஆகிய எல்லாம் அந்தச் சிறு பெட்டிக்குள்தான். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், அதுவரை கணினியையே காணாத பல வீடுகளிலும் அது இடம்பெற்றது.

அத்தகைய மடிக்கணினி ஒருநாள் கீழே விழுந்தால்? அதன்மேல் காபி கொட்டினால்? வெள்ளத்தில் மூழ்கினால்? "எல்லாம் போயிற்று!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் உண்மை அதுவன்று. கணினி பழுதாவது வேறு. கோப்புகள் அழிவது வேறு. பல வேளைகளில் கணினி கெட்டபோதும் கோப்புகள் உள்ளே பத்திரமாகவே இருக்கின்றன. அதன்பின் நாம் அவசரப்பட்டுச் செய்யும் காரியங்களே அவற்றை அழித்துவிடுகின்றன. இதனை விளக்குவதே என் கட்டுரையின் நோக்கம்.

கோப்பு எங்கே இருக்கிறது?

திரை, விசைப்பலகை, மின்கலம், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை இவையெல்லாம் கணினியின் உறுப்புகள். நம் கோப்புகள் இவற்றில் இல்லை. அவை சேமிப்புத் தட்டில் இருக்கின்றன. இது இரு வகைப்படும்.

முதல் வகை வன்தட்டு. ஹார்டு டிஸ்க் என்று கடைகளில் கேட்டு வாங்குவது இதுவே. இதற்குள் கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் உள்ளன. மடிக்கணினியில் இவை பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கின்றன. காந்தப் பூச்சுள்ள அத்தட்டின்மேல், அதைத் தொடாமலே, ஒரு சிறு முனை மிதந்து சென்று படிக்கிறது, எழுதுகிறது. அம்முனைக்கும் தட்டிற்கும் உள்ள இடைவெளி நம் தலைமயிரின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான்! ஒரு தூசி இடையில் புகுந்தாலும் அது பாறாங்கல்லுக்குச் சமம். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய முதல் வன்தட்டுக் கருவியில் 50 பெரிய தட்டுகள் இருந்தன. எடையோ ஒரு டன்னுக்கும் மேல். அத்தனை பெரிய கருவி ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்திற்கே அந்த இடம் போதாமற்போகலாம்.

இரண்டாம் வகை எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைத் தட்டு. பெயரில்தான் தட்டு; உள்ளே சுழலும் பொருள் எதுவும் இல்லை. சில்லுகளில் மின்னூட்டமாகச் செய்தி பதிகிறது. புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இதுவே உள்ளது. கீழே விழுந்தால் வன்தட்டைவிட இது நன்றாகத் தாங்கும். ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

விண்ணிலிருந்து விழுந்த வன்தட்டு

பழுதான தட்டிலிருந்து செய்தியை மீட்க முடியுமா என்று ஐயுறுவோர் கொலம்பியா விண்ணோடத்தின் கதையைக் கேட்க வேண்டும். 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் அவ்விண்ணோடம் பூமிக்குத் திரும்புகையில் வானிலேயே சிதறியது. நம் நாட்டில் பிறந்த வீராங்கனை கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிரிழந்தனர். அதில் செனான் வாயுவைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றும் நடைபெற்றது. அதன் முடிவுகள் ஒரு வன்தட்டில் பதிவாகியிருந்தன.

அத்தட்டு வறண்ட ஓர் ஏரிப்படுகையில் கிடைத்தது. தீயில் கருகி, உருகிய உலோகக் கட்டி போல இருந்தது. அமெரிக்காவில் தரவு மீட்பில் பெயர் பெற்ற குரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் அதைத் திறந்து, உள்ளிருந்த வட்டத் தட்டுகளைத் தூய்மை செய்து, வேறொரு வன்தட்டில் பொருத்திப் படித்தனர். 99 விழுக்காடு செய்தி கிடைத்துவிட்டது! அந்தக் கணினியில் இருந்த பழைய டாஸ் இயக்கமுறை கோப்புகளை அங்குமிங்கும் சிதறவிடாமல் அடுத்தடுத்து எழுதியிருந்தது. சேதமடைந்த பகுதியோ இன்னும் எழுதப்படாத வெற்றிடமாக அமைந்துவிட்டது. ஆராய்ச்சி முடிவுகள் 2008ஆம் ஆண்டில் அறிவியல் இதழில் வெளிவந்தன. விண்ணிலிருந்து எரிந்து விழுந்த தட்டே மீண்டதென்றால், மேசையிலிருந்து விழுந்த கணினியைக் கண்டு உடனே மனம் உடையலாமா?

அழித்தது அழிந்ததா?

கோப்பு மீட்பின் இரகசியத்தை நம் பள்ளி நூலகத்தைக் கொண்டே விளக்கலாம். நூலகத்தில் ஒரு பட்டியல் உண்டு. எந்த நூல் எந்த அலமாரியில் உள்ளது என்பதை அது காட்டும். யாரோ ஒருவர் பட்டியலில் ஒரு நூலின் பெயரை மட்டும் அடித்துவிட்டால் நூல் மறைந்துவிடுமா? மறையாது. அலமாரியில் அப்படியே இருக்கும். ஆனால், "அவ்விடம் காலி" என்று எண்ணி வேறொரு நூலை அங்கே வைக்கும்போதுதான் பழைய நூல் வெளியேற்றப்படும்.

வன்தட்டிலும் இவ்வாறே. நாம் ஒரு கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தால், பட்டியலில் உள்ள குறிப்புதான் நீங்குகிறது. கோப்பின் உடல் தட்டிலேயே கிடக்கிறது. பிறகு நாம் படம் இறக்கினால், திரைப்படம் பார்த்தால், ஏன், கணினியை வெறுமனே ஓடவிட்டாலும்கூட, புதிய செய்தி அந்த இடத்தில் எழுதப்படலாம். அவ்வாறு எழுதப்பட்டபின் எவராலும் மீட்க இயலாது. ஆகவே மீட்பின் முதல் விதி "நிறுத்து" என்பதே.

முதலில் எது பழுது என அறிக

வைத்தியர் நாடி பார்த்த பின்பே மருந்து கொடுப்பார். நாமும் பழுது எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும்.

திரை மட்டும் கறுத்து, உள்ளே விசிறி ஓடும் ஒலி கேட்டால், கோப்புகளுக்கு ஆபத்து குறைவு. எச்.டி.எம்.ஐ. கம்பி மூலம் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்க்கலாம். அங்கே படம் தெரிந்தால் கோப்புகளைப் பென் டிரைவிற்கு மாற்றிக்கொள்ளலாம்.

திரை தெரிந்தும் விண்டோஸ் தொடங்கவில்லையெனில், பழுது இயக்கமுறையில் இருக்கலாம். வேறொரு கணினியில் உபுண்டு போன்ற இலவச இயக்கமுறையைப் பென் டிரைவில் ஏற்றி, அதைக் கொண்டு பழுதான கணினியைத் தொடங்கலாம். அப்போது தட்டில் எதையும் நிறுவாமலே கோப்புகளைப் பிரதியெடுக்க முடியும். "மறுபடி விண்டோஸ் போட்டுவிடலாம்" என்று கூறுவோரிடம், "கோப்புகளை எடுத்தபின் போடுங்கள்" என்று சொல்ல மறக்கக் கூடாது. ஏனெனில் புதிதாக நிறுவுவது பழைய கோப்புகளின் மேல் எழுதுவதாகும்.

கணினிக்கு உயிரே வரவில்லையெனில், மின்னேற்றியோ தாய்ப்பலகையோ கெட்டிருக்கலாம். தட்டு நன்றாகவே இருக்கலாம். அதைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்புள்ள ஓர் உறையில் வைத்தால், அதுவே பெரிய பென் டிரைவ் போல வேறொரு கணினியில் திறக்கும். இவ்வுறை கணினிக் கடைகளில் கிடைக்கிறது. வன்தட்டிற்கு ஒரு வகை, குச்சி போன்ற எஸ்.எஸ்.டி.க்கு வேறு வகை என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

வன்தட்டு "டிக், டிக்" என்று அடித்துக்கொண்டாலோ, உராயும் ஒலி எழுப்பினாலோ, நிலைமை கடுமை. முனை தன் வழி தெரியாது தவிக்கிறது, அல்லது தட்டைத் தொட்டுக் கீறுகிறது என்று பொருள். உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது, காயத்தைக் கத்தியால் கிளறுவது போன்றதாகும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்ற பேச்சும் உண்டு. அதை நம்ப வேண்டாம். உள்ளே ஈரம் படிந்து இருப்பதும் கெடும். வீட்டில் அதைத் திறந்து பார்ப்பதும் தவறு. தூசி வடிகட்டப்பட்ட தனி அறையில் பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய வேலை அது.

நீரில் நனைந்தால்

தண்ணீரோ காபியோ கொட்டினால், மின் இணைப்பைப் பிடுங்கிக் கணினியை அணைத்துவிட வேண்டும். மின்கலம் எளிதில் கழலுமாயின் கழற்ற வேண்டும். பிறகு கணினியைக் கவிழ்த்து வைத்து நீர் வடியவிட வேண்டும். நனைந்த நிலையில் மின்சாரம் பாய்ந்தால்தான் சுற்றுகள் கருகும். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை. மாவுத்தூசி உள்ளே புகுவதே மிச்சம். மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும்.

வெள்ளத்தில் மூழ்கிய வன்தட்டிற்கு முறை வேறு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடியில் உள்ள என் அத்தையின் வீட்டிலும் இடுப்பளவு நீர் நின்றது. கட்டிலின் கீழ்த்தட்டில் இருந்த அவர்களின் மடிக்கணினி மூன்று நாள் சேற்றுநீரில் கிடந்தது. முந்தைய ஆண்டு காலமான எங்கள் ஆச்சி தம் இளமைக்கால நினைவுகளைச் சொல்லிய ஒலிப்பதிவு அதில் மட்டுமே இருந்தது.

மாமா அதைத் துடைத்து வெயிலில் வைக்கப் போனார்களாம். அத்தைதான், "வேண்டாங்க, யாரிடமாவது கேட்டுவிட்டுச் செய்வோம்" என்று தடுத்தார்கள். விசாரித்தபோது, "காயவிடாதீர்கள், போட்டுப் பார்க்காதீர்கள், ஈரத்தோடு காற்றுப் புகாத பையில் கட்டிக் கொண்டுவாருங்கள்" என்று தரவு மீட்பவர்கள் கூறினார்களாம். காரணம் இதுதான்: சாதாரண வன்தட்டின் மூடியில் காற்றழுத்தம் சமமாவதற்கு ஒரு நுண்துளை உண்டு. அதன் வழியே நீர் புகும். அந்நீர் உலர்ந்தால் உப்பும் மண்ணும் தட்டில் கறையாக ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருந்தால் கழுவி எடுப்பது எளிது.

சாலை திறந்ததும் சென்னைக்குக் கொண்டுசென்றார்கள். சில வாரங்களுக்குப்பின் கோப்புகள் வந்தன. எல்லாம் வரவில்லை. திருமணப் படங்கள் சில பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகவே இருந்தன. ஆனால் ஆச்சியின் குரல் முழுவதும் கிடைத்தது. மாமா வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள் என்று அத்தை தொலைபேசியில் கூறியபோது என் அம்மா அழுதுவிட்டார்கள். அன்று அந்தக் கணினியை வெயிலில் காயவைத்து ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் அதுவும் இல்லாமற்போயிருக்கலாம்.

மீட்கும் முறை

தட்டு ஒலியின்றி ஓடுகிறது. ஆனால் கோப்புகள் தெரியவில்லை அல்லது தவறுதலாக அழிக்கப்பட்டன என்ற நிலையில், பெரியவர் துணையோடு நாமே முயலலாம். மூன்று விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஒன்று: எந்தத் தட்டிலிருந்து மீட்க வேண்டுமோ அந்தத் தட்டில் மீட்புச் செயலியை நிறுவக் கூடாது.

இரண்டு: முதலில் தட்டு முழுவதையும் அப்படியே வேறொரு தட்டிற்குப் பிரதியெடுத்து, அப்பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவசச் செயலி உள்ளது. அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் மெல்ல முயலும். தேர்வில் தெரிந்த வினாவுக்கு முதலில் விடையெழுதும் புத்திசாலி மாணவி போல!

மூன்று: மீட்ட கோப்புகளைப் புதிய இடத்தில் சேமிக்க வேண்டும், பழைய தட்டிலேயே சேமித்தால் மீளவேண்டிய மற்றவை அழியும்.

டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்ற இரு இலவசச் செயலிகள் உலகெங்கும் பயன்படுகின்றன. டெஸ்ட்டிஸ்க் சிதைந்த பட்டியலைச் சீர்செய்ய முயலும். போட்டோரெக் பட்டியலையே பாராமல், கோப்பின் தொடக்க அடையாளத்தைத் தேடிச் செல்லும். ஒவ்வொரு வகைக் கோப்பிற்கும் ஓர் அடையாளம் உண்டு. பி.டி.எப். கோப்பின் தொடக்கத்தில் அந்தப் பெயரின் எழுத்துகளே இருக்கும். ஜேபெக் படம் எப்போதும் ஒரே மாதிரியான எண்களோடு தொடங்கும். இம்முறையில் கோப்பு கிடைக்கும். ஆனால் அதற்கு நாம் வைத்த பெயர் கிடைக்காது. ஆயிரம் படங்களைத் திறந்து பார்த்துப் பெயரிடப் பொறுமை வேண்டும்.

மீட்க இயலாத நிலைகள்

எல்லாவற்றையும் மீட்கலாம் என்று சொன்னால் அது பொய்யாகும். எஸ்.எஸ்.டி.யில் ஒரு கோப்பை அழித்தால், அவ்விடம் இனி வேண்டாம் என்று இயக்கமுறை தட்டிற்குத் தெரிவித்துவிடும். தட்டு தானே அப்பகுதியைத் துடைத்துத் தயார்செய்துகொள்ளும். முன்னே சொன்ன குறை இதுதான்: வன்தட்டில் பல நாள் கிடக்கும் கோப்பு இதில் சிறிது நேரத்திலேயே மறையக்கூடும். சில மெல்லிய மடிக்கணினிகளில் சேமிப்புச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளதால் கழற்றவும் இயலாது.

மற்றொன்று பூட்டு. புதிய கணினிகள் பல, தட்டில் உள்ளவற்றைத் தாமே மறைமொழியில் எழுதுகின்றன. விண்டோசில் இதன் பெயர் பிட்லாக்கர். இதைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி உண்டு. அச்சாவி இல்லையெனில் தட்டு நன்றாக இருந்தும் பயனில்லை. எனவே பெற்றோர் இன்றே அதைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துதல் நலம்.

கடையில் கொடுக்கும் முன்

இப்பகுதியை என் தோழியர் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். அழித்தவற்றை நாம் மீட்க முடியுமென்றால், பிறரும் மீட்க முடியும். திரையோ விசைப்பலகையோ மாற்றுவதற்குக் கடையில் கொடுக்கும்போது, கூடுமானால் சேமிப்புத் தட்டைக் கழற்றி நம்மிடமே வைத்துக்கொள்ளலாம். தேவையின்றிக் கடவுச்சொல்லைக் கொடுக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் தனியே செல்லாமல் பெற்றோருடன் செல்வது நல்லது. பழைய கணினியை விற்கும்போது, கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது. தட்டு முழுவதையும் துடைக்க வேண்டும், அல்லது தட்டை எடுத்துவிட்டு விற்க வேண்டும்.

எவரேனும் நம் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டினால், அது அவர் செய்த குற்றமே தவிர நம் குற்றமன்று. அஞ்சி மறைக்காமல் வீட்டிலோ பள்ளியிலோ கூற வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கு 1930.

மீட்பினும் மறுபிரதி மேல்

தரவு மீட்பிற்கு ஆகும் செலவு பல வேளைகளில் புதிய கணினியின் விலையை எட்டும். அப்படியும் உறுதியில்லை. மறுபிரதிக்கோ ஒரு சிறு தட்டின் விலைதான். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' என்ற படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, ஒரு தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதிக் கோப்புகள் அழிந்தன. நிறுவனத்தின் மறுபிரதியும் சரியாக இயங்கியிருக்கவில்லை. அப்போது கேலின் சுஸ்மன் என்ற பெண்மணி, குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது! அதைக் கம்பளியில் சுற்றிக் காரில் பத்திரமாகக் கொண்டுவந்தனர். ஒரு தாயின் வீட்டில் இருந்த பிரதியே அப்படத்தைக் காத்தது.

அறிஞர்கள் கூறும் எளிய விதி 3, 2, 1 என்பது. முக்கியமான கோப்பிற்கு 3 பிரதிகள். அவை 2 வகைச் சாதனங்களில். அவற்றுள் 1 வேறோர் இடத்தில். வேறோர் இடம் என்பது இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம், பாட்டி வீடாகவும் இருக்கலாம். வெள்ளம் இரண்டு ஊர்களிலும் ஒரே நாளில் வருவது அரிது.

இது நமக்குப் புதிய பாடமன்று. நம் முன்னோர் ஓலைச்சுவடி செல்லரிக்குமுன் அதைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்தனர். ஓர் ஊரில் அழிந்தது வேறோர் ஊரில் கிடைத்தது. அவ்வாறு பல ஊர்களில் இருந்த பிரதிகளைத் தேடி அலைந்து ஒப்பிட்டுத்தான் டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். படியெடுக்கப்படாத நூல்கள் பெயரளவில் மட்டுமே நிற்கின்றன.

ஆகவே, தோழியரே, கணினி பழுதானால் பதறாதீர்கள். நிறுத்துங்கள்; மின்சாரத்தைத் துண்டியுங்கள்; தெரிந்தவரிடம் கேட்டபின் கை வையுங்கள். அதற்கும் முன்னதாக, இந்த ஆண்டு விடுமுறையில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, வீட்டில் உள்ள படங்களையும் பெரியவர்களின் குரல்களையும் இன்னொரு தட்டில் பிரதியெடுத்து, அதன்மேல் தேதியை எழுதி, வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.